பிஜிக்காரரின் கல்வெட்டு

செத்தவர்களைப் பற்றி நல்லதாக எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போய்விட்டது. ஊரில் தமிழ் படிப்பித்தவள் என்று யாரோ ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மொன்றியலில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒருவர் கண்ணை மூடினால், முதலில் சுவாமியாருக்கு அறிவிப்பார்கள், அடுத்தது எனக்கு. முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிய, வந்த சனத்துக்குச் சாப்பாடு கொடுத்து, கையில் ஒரு சிறு புத்தகமும் கொடுத்து அனுப்புவது யாழ்ப்பாணத்து வழக்கம். சைவக்காரர் அதைக் கல்வெட்டு என்பார்கள். நாங்கள் கத்தோலிக்கர், அட்டையில் நினைவு மலர் என்று அச்சடிப்போம், பேச்சில் எங்களுக்கும் அது கல்வெட்டுத்தான். முன்னுக்குப் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, பிறகு செத்தவருடைய ஊரின் வரலாறு, செபங்கள், இடம் மிஞ்சினால் ஒடியற்கூழ் காய்ச்சும் முறை. ஊர் வரலாறு எழுதுவது பெரிய வேலை இல்லை. எல்லா ஊரிலும் ஒரு கோயில், ஒரு குளம், ஒரு பள்ளிக்கூடம், பேர் சொல்ல நாலு பெரிய மனிதர் இருப்பார்கள். பெருமை குறைந்த ஊர் ஒன்றைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை.

போன மார்ச் மாதம் தொழிற்சாலை வேலை முடிந்து, சென்ட் லோரன்டில் சேறாகிக் கிடந்த பனிக்குள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். சொந்த அக்கா இல்லை, பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர், என்னைவிட மூத்தவர். அவருடைய கணவரைப் போன கிழமைதான் அடக்கம் செய்திருந்தோம்.

“பிள்ளை, அவருக்கும் ஒரு கல்வெட்டு எழுதவேணும்.”

“எழுதலாம் அக்கா.” வேறு என்ன சொல்வது? காலுளைவில் எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

“ஊர் வரலாறும் போடவேணும்.”

“உங்கட ஊர்தானே? அது என்னட்டை இருக்கு. போன வருசமும் எழுதினனான்.”

“இல்லையடி. அவரின்ர ஊர். பிஜி.”

ஐயோ கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். பிஜி ஊரா? அது பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் கிடக்கிற ஒரு தேசம். ஒரு தேசம் உண்டான காலம் தொடங்கி விடுதலை வாங்கிய நாள் வரையில் மூன்று பக்கத்துக்குள் எழுதவேண்டும், அதுவும் பெட்டி மடித்து வீங்கிய கையால். பஸ்ஸும் வரவில்லை.

அவரை எனக்கு, அக்காவோடு பழகுவதற்கு முதலே தெரியும். நான் மருந்துப் பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் அவர் இயந்திரம் திருத்துபவர். காலையில் என்னைக் கண்டதும் “புலா!” என்று கையைத் தூக்குவார். அது அவர்கள் நாட்டு வணக்கம். அவர் தமிழர்தான், ஆனால் மொன்றியலில் எந்தத் தமிழருடைய கணக்கிலும் அவர் இல்லை. தமிழ்நாட்டு எஞ்சினியர்மார் எந்த மாவட்டம் என்று கேட்பார்கள், அவருக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் எந்த ஊர், ஆரின்ர மகன் என்று கேட்பார்கள், அதற்கும் பதில் இல்லை. ஆகவே எல்லோருக்கும் அவர் பிஜிக்காரர். தமிழைக்கூட அவர் அக்காவைக் கட்டிய பிறகு அக்காவிடம்தான் படித்தார். அதனால் மெஷின் பழுதாகும்போது, அந்தப் பெரிய உடம்பு, “ஐயோ அம்மா, எனக்கேலாதணை” என்று பெண்பிள்ளை மாதிரி நாடியில் கையை வைக்கும். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். நல்ல மனிதர்.

அடுத்த நாள் அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. முப்பத்தொன்றுகளுக்குப் போய்க் கொண்டுவரும் கல்வெட்டுகளைப் பிஜிக்காரர் எறிய விடுவதில்லையாம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஊர் வரலாற்றுப் பக்கத்தை அக்காவை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் அதுதான்.

“எனக்கும் ஒண்டு எழுதுவினமோ எண்டு கேட்டார், பிள்ளை. ஓமெண்டு சொன்னன். அப்ப உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லு, எங்கட ஆக்களைக் கப்பலில கொண்டுவந்ததையும் எழுதச் சொல்லு எண்டார். வேறை ஒண்டும் அவர் என்னட்டைக் கேட்டதில்லை.” அக்கா அழவில்லை. “எழுதுவியோ?”

எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது அக்காவின் அண்ணை அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் குசினி மேசையில் எழுதினோம். எழுதினோம் என்பது நானும் அக்காவின் மகளும். அவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது. தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது, கோபம் வந்தால் பிரெஞ்சுதான் வரும். தகப்பன் சொன்ன கதைகள் எல்லாம் அவளிடம் இருந்தன. அவள் சொல்லச் சொல்ல, நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களுடன் ஒத்துப்பார்த்து எழுதினேன்.

மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் மேற்கிலிருந்து தோணிகளில் சனம் வந்தது என்று தொடங்கினேன். பன்றி, கோழி, சேமன் கிழங்கு, புள்ளிக்கோலம் போட்ட மண்சட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு, கரை தெரியாத கடலில் வந்திருக்கிறார்கள். எனக்கு மொன்றியலுக்குள்ளேயே ரொக்ஸ்பரோவுக்குப் பஸ் மாறிப் போகவே அலுப்பு. அவர்கள் தீவு தீவாகக் குடியேறி, வம்சம் வம்சமாகப் பிரிந்து, தலைவர்களை வைத்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் நன்றாகச் சண்டையும் பிடித்தார்கள். இதில் எனக்கு விளங்காத விடயம் ஒன்றும் இல்லை.

பிறகு வெள்ளைக்காரர் சந்தனக்கட்டைக்கு வந்தார்கள். அது வெட்டி முடிய, கடலட்டைக்கு வந்தார்கள். எங்கள் மன்னார்க் கடலில் பிடித்து அவித்துக் காயவைக்கிற அதே அட்டை, அதே சீனச் சந்தை. சந்தனம் போய், அட்டை போய், துவக்கும் வெடிமருந்தும் வேதமும் வந்தன. எல்லாத் தீவுக்கும் நான்தான் ராசா என்று ஒரு பெரிய தலைவர் சொல்லிப் பார்த்தார், கடனும் கரைச்சலும் கழுத்தை நெரிக்க, கடைசியில் தலைவர்கள் கூடித் தீவுகளை இங்கிலாந்து மகாராணிக்கு எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த கையோடு, கப்பலில் போய்வந்தவர்கள் சின்னமுத்து என்ற அம்மை நோயைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிள்ளைகளுக்கு வந்து போகிற அந்தச் சின்னமுத்து, அதைக் கண்டிராத சனத்தைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனது. அந்த இடத்தை எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டேன். அக்காவின் பெட்டை தேத்தண்ணி போட்டாள்.

மிச்சத் தீவுச் சனத்தைத் தோட்டத்துக்கு இழுக்கக்கூடாது, அவர்கள் தங்கள் காணியில் தங்கள் பாட்டில் இருக்கட்டும் என்று வெள்ளைக்காரக் கவர்னர் முடிவெடுத்தார். நல்ல மனம்தான். ஆனால் கரும்பை யார் வெட்டுவது? அதற்குத்தான் இந்தியா இருந்ததே. கல்கத்தாவில் கப்பலேற்றினார்கள், பிறகு சென்னையிலும் ஏற்றினார்கள். ஒப்பந்தத்துக்கான அக்ரிமென்ட் என்ற ஆங்கிலச் சொல் அந்தச் சனத்தின் வாயில் கிர்மித் என்றாகிவிட்டது. ஐந்து வருடக் கிர்மித். பிஜி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் என்று ஆள்பிடிப்பவன் சொன்னானாம்.

“அப்பான்ர பூட்டனும் அப்பிடித்தான் நினைச்சவராம், அன்ரி,” என்றாள் அவள். “பின்னேரம் வந்திடும் எண்டு கப்பலில படுக்காமல் இருந்தவராம்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். தகப்பன் இந்தக் கதையைச் சிரிக்கிறதற்குத்தான் சொல்லியிருப்பார். கொழும்பிலிருந்து நான் வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரன் எனக்கும் இப்படித்தான் ஏதோ சொன்னான்.

பூட்டனின் ஊர் ஒருவருக்கும் தெரியாது. ஆற்காட்டுப் பக்கம் என்று மட்டும் குடும்பத்தில் ஒரு கதை. தோட்டத்து லய வீடுகளில் வடக்கத்தியாருக்கு நடுவில் இருந்து, இரண்டு தலைமுறையில் தமிழ் போய் இந்தி வந்துவிட்டது. இந்தியாவில் தலைவர்கள் கத்திக் குளறிக் கிர்மித்தை நிற்பாட்டினார்கள். விடுபட்டவர்கள் தீவுச் சனத்திடம் காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே கரும்பு போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், கோயில் கட்டித் தீ மிதித்தார்கள். வெள்ளைக்காரன் போகவேண்டும் என்று இவர்கள் கேட்க, அவன் போனால் காணிக்கு என்ன கதி என்று தீவுத் தலைவர்கள் பயப்பட, கடைசியில் வட்டமேசையில் பேசிச் சுதந்திரம் வாங்கினார்கள். அன்றைக்கு அவர் பள்ளிக்கூடத்துப் பெடியன். மழைக்குள் மைதானத்தில் நின்று புதுக் கொடியைப் பார்த்தாராம். கையில் கொடுத்த கடதாசிக் கொடியின் சாயம் கரைந்து சட்டையில் ஊறி, வீட்டில் அடி வாங்கினாராம்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். சுதந்திரத்துக்குப் பிறகு பட்டாளம் அரசாங்கத்தைப் பிடித்ததும், அவர் வெளிக்கிட்டு மொன்றியலுக்கு வந்ததும் வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரியில் வரும். சுதந்திரம் கிடைத்த நாடுகளில் பிறகு நடந்ததைப் பற்றி அவரும் நானும் வேலைத்தலத்தில் கதைத்ததில்லை. இரண்டு பேருக்கும் அது தெரிந்த கதை.

எழுதியதைக் காட்டப் போன அன்று அண்ணை அக்கா வீட்டில் இருந்தார். அக்காவுக்கு நேரே மூத்தவர், ரொக்ஸ்பரோவில் சொந்த வீடு, பங்குச் சபையில் ஆள். தகப்பன் இல்லாத வீட்டைத் தலையில் சுமந்து, தங்கச்சியை ஸ்பொன்சர் செய்து எடுத்தவரும் அவர்தான். அதைக் குறைசொல்ல முடியாது. அவரை எதிர்த்து அக்கா ஒரு வார்த்தை பேசி நான் கண்டதில்லை. கலியாணம் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அவர் சொன்னபடிதான் செய்தார். அந்தக் கலியாணத்துக்கும் பிஜிக்காரர் ஞானஸ்நானம் பெற்ற பிறகுதான் அண்ணை வந்தார்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார்.

“சோக்கா எழுதியிருக்கிறாய், பிள்ளை. தோணி, சந்தனக்கட்டை, மகாராணி, எல்லாம் நல்லம். இந்த ஒரு பந்திதான்.”

“என்ன அண்ணை அதில?”

“கூலி எண்டு போட்டிருக்கிறாய்.”

“கூலியாத்தானே கொண்டுபோனவங்கள்.”

“வியாபாரத்துக்குப் போனவை எண்டு போடன். தமிழன் கடல் கடந்து வியாபாரம் செய்தவன்தானே. ஆர் போய்ப் பாக்கப்போகினம்?”

எனக்கு அப்போதுதான் விடயம் விளங்கியது. பெட்டைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். டவுன்டவுனில் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த பெடியன், இரண்டு பேருக்கும் விருப்பம். பெடியனின் தாய் யாழ்ப்பாணத்தில் பேர்பெற்ற குடும்பம். சம்மதம் இன்னும் வாயால் வரவில்லை. முப்பத்தொன்றுக்கு அவரும் வருவார்.

“தோட்டத்துச் சனம் எண்டு நாளைக்கு ஒரு கதை வந்தால் ஆருக்கு நட்டம்? உனக்கோ எனக்கோ? இந்தப் பிள்ளைக்குத்தான்,” என்றார் அண்ணை.

எனக்கு அடக்கேலாமல் கோபம் வந்தது. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த உடம்புக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. எங்கள் நாட்டிலும் சுதந்திரம் கிடைத்த கையோடு மலையகத்துத் தோட்டச் சனத்தின் வாக்குரிமையைப் பறித்தபோது யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் வாயைத் திறந்தார்கள்? தேயிலை மட்டும் இனித்தது.

“அண்ணை, நீங்கள் இங்க வந்து இறங்கின உடனை என்ன, மேயராகவோ இருந்தனீங்கள்? கோப்பை கழுவினனீங்கள். நான் இண்டைக்கும் பெட்டி மடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்.”

“அது வேறை.”

“எப்பிடி வேறை?”

“நாங்கள் பிளேனில வந்தனாங்கள்,” என்றார் அண்ணை, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அக்கா குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்விட்டார். எனக்கு அவரிலும் கோபம் வந்தது. எழுதிய தாள்களை மேசையில் போட்டுவிட்டு, “என்னெண்டாலும் நீங்களே முடிவெடுங்கோ, எனக்கு ஏலாது” என்று எழும்பினேன்.

பெட்டை பஸ் தரிப்பு வரைக்கும் கூட வந்தாள்.

“அவனுக்குத் தெரியும், அன்ரி. நான் முதல் நாளே சொன்னனான். அவன்ர அம்மாவுக்குத்தான் தெரியாது.”

“தெரிஞ்சால்?”

“அவ வேண்டாமெண்டு சொன்னால் அவன் தாங்கமாட்டான். தாய்க்கு ஒரே பிள்ளை.” கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டு, பிரெஞ்சில் யாரையோ திட்டினாள். “எங்கட அம்மா என்ன சொல்றாவோ அதுதான். அப்பா கேட்டது அவவைத்தானே.”

அந்தக் கிழமை முழுக்க ஒரு செய்தியும் இல்லை. இயந்திரத்துக்கு முன்னால் நின்று பெட்டி மடித்தேன். மாற்றச் சொல்லி அக்கா கேட்டால் மாற்றிக் கொடுப்பேனா என்று என்னையே கேட்டேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு பிள்ளையின் வாழ்க்கை ஒரு பக்கம், செத்த மனிதரின் ஒரு பந்தி மறுபக்கம். நான் யார் நியாயம் பேச?

வெள்ளிக்கிழமை அக்கா தொலைபேசி எடுத்தார். “மாத்தாதை, பிள்ளை. இருக்கிறபடி அச்சுக்குக் குடு.”

“அண்ணை?”

“ஓமெண்டிட்டார்.”

எனக்கு நம்ப முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அண்ணையைக் கண்டபோது அவரே சொன்னார்.

“போடு, போடு. கல்வெட்டை ஆர் வாசிக்கிறது? படத்தைப் பாப்பினம், கடைசிப் பக்கத்தில சமையல் முறை இருக்கோ எண்டு பாப்பினம், கொண்டுபோய் மேசை லாச்சிக்குள்ள போடுவினம். அண்டைக்கு மண்டபத்தில வாசிக்கிறது நான்தானே.”

சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். அவர் சொன்னது சரிதான். வாழ்க்கை வரலாற்றையும் ஊர் வரலாற்றையும் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை எழுந்து சத்தமாக வாசிப்பதுதான் முறை. பிஜிக்காரருக்கு இந்த நாட்டில் மகளைத் தவிர இரத்த உறவு என்று ஒரு குருவியும் இல்லை. ஆகவே அது அண்ணையின் வேலை. சனம் காதால் கேட்பதுதான் கதை, அச்சில் இருப்பதை நான்தான் வாசித்துக் கிழிக்கவேண்டும். அக்காவுக்கு இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த மனிசி பாவம், அச்சிலாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. தொழிற்சாலைக்காரரும் வந்திருந்தார்கள். அக்கா முன்வரிசையில் மகளோடு. இரண்டாவது வரிசையில் பெடியனும் தாயும். தாய் வெள்ளைச் சேலை கட்டி, மடியில் கல்வெட்டை வைத்து, அதன்மேல் கைப்பையை வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் சோற்றுச் சட்டிகள் திறக்கப்படும் வாசம் வந்தது. சனம் மணிக்கூட்டைப் பார்த்தது.

அண்ணை நன்றாக வாசிப்பார், பொய் சொல்லக்கூடாது. தோணிகள் வந்தன. சந்தனமும் அட்டையும் போயின. தலைவர்கள் மகாராணிக்குத் தீவுகளைக் கொடுத்தார்கள், சின்னமுத்து வந்து சனம் மாண்டது. ஒரு மூச்சு எடுத்து, தாளைப் புரட்டி, “இவ்வாறாக அந்நாடு சுதந்திரம் அடைந்தபோது அன்னார் பள்ளிச் சிறுவனாக” என்று தொடர்ந்தார். ஒட்டுத் தெரியவில்லை.

“அண்ணை, ஒரு பந்தி விட்டிட்டியள்.”

அக்கா எழுந்து நின்றார். குரல் பெரிதில்லை, ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அண்ணை தாளிலிருந்து கண்ணை எடுத்தார். “பிள்ளை, நேரம் போகுது. சனம் பசியோட இருக்குது.”

“இருக்கட்டும். மகாராணிக்குப் பிறகு இருக்கு. வாசியுங்கோ.”

பின்வரிசையில் யாரோ கல்வெட்டைத் திறந்தார்கள். அதைக் கண்டு பக்கத்தில் இருந்தவர்கள் திறந்தார்கள். மண்டபம் எங்கும் தாள் புரளும் சத்தம். பெடியனின் தாய் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மகாராணியைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினார். பெட்டை தன் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். கதிரையில் இருக்கச் சொல்லி இழுக்கிறாளோ, நில்லுங்கோ என்று பிடிக்கிறாளோ எனக்குத் தெரியவில்லை.

அண்ணையின் முகம் சிவந்து கறுத்தது. தங்கச்சி திரும்பக் கதிரையில் இருந்துவிடுவாள் என்று பார்த்தார். பிறகு தாளைத் திருப்பினார்.

“அன்னாரின் பூட்டனார், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து, சென்னையில் கப்பலேற்றப்பட்டு, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக்…”

அடுத்த சொல்லை அவர் வாய்க்குள் போட்டு மென்றார்.

“கேக்கேல்லை, அண்ணை,” என்றார் அக்கா.

அவர் அந்த வரியை முதலிலிருந்து வாசித்தார்.